இரண்டு மலையின் அழுக்கு

திங்கள் ஏலகிரி. வியாழன் ஏற்காடு.
மற்ற நாளெல்லாம் தர்மபுரி,
பென்னாகரம் சாலையில் அன்சர் பாயின் சலவைக்கூடம்:
நாலு இயந்திரம், ஒரு கொதிகலன்,
முக்கால் ஏக்கர் கொடிக்கயிறு.

விடுதிகளின் படுக்கை விரிப்புகளை
மூட்டை மூட்டையாய் இறக்கி வருவது என் வேலை.
ஏற்காட்டுக்கு நீல நூல் அடையாளம்,
ஏலகிரிக்குச் சிவப்பு.
எனக்கு நூல் வேண்டாம்,
கண்ணை மூடி முடிச்சை அவிழ்த்தால் போதும்.

ஏற்காடு
நனைந்த நாயின் வாசம், காப்பி, தலைவலித் தைலம்.
தலையணை உறைகளில் காயவே காயாத ஓர் ஈரம்,
வந்தவர்கள் எல்லோரும் அழுதுவிட்டுப் போன மாதிரி.
"அழுகையுமில்ல ஒண்ணுமில்ல, பனி" என்பான்
வண்டி ஓட்டும் தீர்த்தகிரி.

ஏலகிரியில் யாரும் அழுவதில்லை.
பலாச்சுளைப் பிசின், வறுத்த கோழி,
பெங்களூர்ப் பையன்கள் அடித்துக்கொள்ளும் சென்ட்,
துண்டு முழுக்கச் செம்மண்.
பதினாலு வளைவுக்கும் பெயர்ப்பலகை உண்டு,
படித்து முடிப்பதற்குள் மேலே வந்துவிடும்.
வரவேற்பறை லோகேஸ்வரி எண்ணாமலே கையெழுத்துப் போடுவாள்:
"இருபதோ இருபத்தஞ்சோ, விடுங்கக்கா."
திங்கட்கிழமை ஊஞ்சல்கள் ஆளில்லாமல் வெயிலில் கிடக்கும்.
பகல் பத்து மணிக்கே அந்த ஊர்
கடையை எடுத்துவைத்துவிட்ட முகத்தோடு இருக்கும்.

ஏற்காட்டுக்கோ இறங்கித்தான் ஏற வேண்டும்.
தொப்பூர்க் கணவாயில் லாரிகளின் பிரேக் கருகும் நாற்றம்,
சேலத்துப் புழுக்கம்,
பிறகு இருபது வளைவு.
பதினாறில் தீர்த்தகிரி பேச்சை நிறுத்துவான்,
ஏனென்று நானும் கேட்டதில்லை.
மேலே பெஞ்சமின் சார் ஒவ்வொரு விரிப்பாய் எண்ணுவார்.
முப்பதில் ஜன்னலைப் பார்ப்பார்.
சில்வர் ஓக் மரங்களைப் பனி தின்றுகொண்டிருக்கும்.
மறுபடி ஒன்று, இரண்டு.

"எந்த ஊரு நல்லா இருக்கும்?"
தேய்ப்பு மேசையிலிருந்து மாதம்மா கேட்டாள்.
மகளுக்கு ஆவணியில் கல்யாணம் முடிந்திருந்தது.
மாப்பிள்ளை ஓசூரில் கம்பெனி வேலை, ரெண்டு நாள் லீவு,
சீட்டுப் பணத்தில் ஐயாயிரம் மீதம்.

ஏழு வருஷம் போய் வருகிறேன்.
எனக்குத் தெரிந்தது இரண்டு ஊரின் பின்வாசல்,
எரிவாயு உருளைகள், மாப்பு காயும் கம்பி.
எந்த அறையிலும் ஜன்னலைத் திறந்து பார்த்ததில்லை.

ஒரே ஒரு ராத்திரி,
மரம் விழுந்து மலைப்பாதை அடைத்தபோது
ஏற்காட்டில் வண்டிக்குள்ளேயே தூங்கினேன்,
யார் யாரோ படுத்த நாற்பது விரிப்பைப் போர்த்திக்கொண்டு.
தகரத்தில் பனி சொட்டிக்கொண்டே இருந்தது.
வீட்டில் எனக்காக யாரும் விழித்திருக்கவில்லை என்பது
அன்றைக்கு ஏனோ குறையாய்ப் படவில்லை.
இதை மாதம்மாவிடம் எப்படிச் சொல்வது?

"ஏலகிரி செலவு கம்மி" என்றேன்.
அவர்கள் ஏற்காட்டுக்குப் போனார்கள்.

வியாழக்கிழமை மூட்டை இறங்கியது.
மாதம்மா அடுப்புக்கரியைக்கூடத் தொடாமல் வந்து நின்றாள்.
"இதுல அதுங்க படுத்தது எது?"
நீல நூல் எல்லாவற்றிலும் இருந்தது.
அறை எண் எதிலும் இல்லை.
ஏழு வருஷ மூக்கை வைத்து நானும் மோந்து பார்த்தேன்.
பனி, தைலம், காப்பி.

எங்கள் போர்வெல் தண்ணீர் பல்லைத்தான் கறையாக்கும்,
துணியை வெளுக்காது. வெளுப்பது வெயில்.
மலையில் மூன்று நாள் தொங்கினாலும் காயாதது
இங்கே முக்கால் மணியில் அப்பளமாய் மொடமொடக்கும்.
குளிருக்கு ஆசைப்பட்டுக் காசு கொடுத்து ஏறுகிறவர்கள்
ராத்திரி முதுகை வைப்பதென்னவோ
தர்மபுரி மத்தியானத்தின் மேல்தான்.

அன்று மாதம்மா தேய்த்தது அறுபத்திரண்டு விரிப்பு.
பாய் இரண்டு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
அவள் ஒவ்வொன்றையும் நான்கு மூலையும் இழுத்து,
நடுவில் உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்து எடுத்து,
பிறகுதான் மடித்தாள்.